மூளை இயல்பு வேறுபாடும் மகளிர் வாழ்வும்

மனித உடலைப் பற்றிப் பேசும்போது வேறுபாட்டை நாம் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். ஒருவர் இடக்கையால் எழுதுகிறார். மற்றொருவருக்குக் கரும்பலகையில் உள்ள எழுத்துத் தெரிவதில்லை. இடக்கையால் எழுதுபவரைத் திமிர் பிடித்தவர் என்று இன்று யாரும் ஏசுவதில்லை. கண்ணாடி அணிபவரைச் சோம்பேறி என்று சொல்வாரும் இல்லை. ஆனால் மூளை செய்திகளைப் பெறுகின்ற முறையிலும், அவற்றை வரிசைப்படுத்துகின்ற முறையிலும் பிறவியிலேயே வேறுபாடுகள் உண்டு என்றால் நம்மிற் பலர் நம்புவதில்லை. அங்கே மட்டும் குணத்தின்மேல் பழி போடுகிறோம். அப்பழி ஆண்களைவிடப் பெண்கள்மேல் மிகுதியாக விழுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். ஆட்டிசம், கவனக்குறைவு மிகை இயக்கம் எனப்படும் ஏ.டி.எச்.டி., எழுத்துகளைப் படிப்பதில் இடர் தரும் டிஸ்லெக்சியா முதலியவற்றை ஒருங்கே சுட்ட 'நியூரோடைவர்சிட்டி' என்ற சொல் 1990களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. ஆஸ்திரேலியச் சமூகவியலாரான ஜூடி சிங்கர் 1998ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் இதனை எடுத்தாண்டார். தமிழில் நரம்பியல் பன்மை என்றோ மூளை இயல்பு வேறுபாடு என்றோ சொல்லலாம். நோய் என்ற சொல்லை விடுத்து வேறுபாடு என்ற சொல்லை அறிஞர் தேர்ந்தது வெறும் இங்கிதத்திற்காக அன்று. நோய் இடையில் வருவது, மருந்தால் போவது. இவ்வியல்புகளோ குழந்தைப் பருவத்திலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் உடனிருப்பவை. இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் மாநிலத்து அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உடையோரைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதும் வழக்கம் உண்டு. புற உலகின் ஒவ்வோர் ஓசையும் ஒவ்வோர் ஒளியும் தம்மைத் தாக்குகின்றன என்று சொல்பவர்களுக்கு இப்படியொரு பெயர்! மொழிபெயர்த்தவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆயினும் பெயரே தீர்ப்பாகிவிடும்போது பெயரைப் பற்றிப் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

மறக்கப்பட்ட சிறுமியர்

ஆட்டிசத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு தொடங்குவர். ஒருவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர். அவர் 1943ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் பதினொரு குழந்தைகளை விளக்கினார். அவர்களுள் எண்மர் ஆண்பிள்ளைகள், மூவரே பெண்பிள்ளைகள். மற்றவர் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். 1944ஆம் ஆண்டு அவர் விரிவாக விளக்கிய நால்வரும் சிறுவர்களே. முழு வடிவில் இவ்வியல்பைச் சிறுமியரிடம் தாம் கண்டதில்லை என்றும் அவர் எழுதினார். சிறுவர்களின் தாய்மார் சிலரிடம் அதன் சாயல் இருந்ததை அவரே குறித்திருக்கிறார் என்பது வேடிக்கை. கண்முன் நின்ற பெண்களை அவர் தாயாகப் பார்த்தார், ஆய்வுக்குரியவராகப் பார்க்கவில்லை.

இவ்விருவருக்கும் முன்பே, 1925ஆம் ஆண்டு, மாஸ்கோவில் ஒரு மருத்துவர் இதே இயல்பைத் தெளிவாக எழுதிவிட்டார். அவர் பெயர் குருனியா சுக்கரேவா. 1891ஆம் ஆண்டு கீவ் நகரில் பிறந்தவர். ஆறு சிறுவர்களைப் பற்றி அவர் ருஷ்ய மொழியில் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டே ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. 1927ஆம் ஆண்டு அவர் மற்றொரு கட்டுரை எழுதினார். அது சிறுமியரைப் பற்றியது. ஐந்து சிறுமியரை விளக்கி, அவர்கள் சிறுவரிடமிருந்து வேறுபடும் இடங்களையும் அதில் எடுத்துக்காட்டினார். சிறுவர்களைப் பற்றிய கட்டுரை 1996ஆம் ஆண்டு சூலா உல்ஃப் என்ற மருத்துவரால் ஆங்கிலத்தில் வந்தது. சிறுமியரைப் பற்றியதோ 2020ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்! அறிவு இல்லாமற் போனதால் பெண்கள் மறைந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. எழுதப்பட்ட அறிவே படிக்கப்படாமற் கிடந்தது.

இதனால் விளைந்தது ஒரு சுழல். முதலில் கண்டவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். எனவே இலக்கணம் சிறுவர்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. அவ்விலக்கணத்தைக் கொண்டு தேடியபோது மீண்டும் சிறுவர்களே கிடைத்தனர். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு நெடுங்காலம் பாடநூல்களில் நின்றது. 2017ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர் 54 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துப் பார்த்தபோது உண்மை விகிதம் மூன்றுக்கு ஒன்று என்பதை ஒட்டியே இருக்கும் என்று கண்டனர். அதிலும் முன்பே கண்டறியப்பட்டவர்களை மட்டும் எண்ணிய ஆய்வுகளில் இடைவெளி அதிகம். மக்களிடையே தாமே சென்று தேடிய ஆய்வுகளில் குறைவு. தேடினால் கிடைக்கிறார்கள் என்பதுதானே இதன் பொருள்?

டிஸ்லெக்சியாவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சாலி ஷேவிட்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வொன்று 1990ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுள் படிப்பதில் குறைபாடுடையோர் யார் என்று பள்ளிகளைக் கேட்டபோது, ஆண்பிள்ளைகளில் 13.6 விழுக்காட்டினரையும் பெண்பிள்ளைகளில் 3.2 விழுக்காட்டினரையும் பள்ளிகள் காட்டின. ஆய்வாளர்கள் அதே பிள்ளைகள் அனைவரையும் தாமே சோதித்தபோது கிடைத்த எண்கள் 8.7, 6.9. அதாவது இடைவெளி பெரிதும் மறைந்துவிட்டது. பள்ளிகள் யாரைக் காட்டின? வகுப்பில் தொல்லை கொடுத்தவர்களைக் காட்டின. எழுந்து ஓடுகின்ற சிறுவன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். பக்கத்தைப் புரியாமலே புரட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும் சிறுமி படுவதில்லை. இந்த ஓர் ஆய்வைப் படித்தாலே போதும், ஏனையவற்றைப் பாதி விளங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஏ.டி.எச்.டி. பற்றியும் இதுவே நிலை. பெயரிலேயே மிகை இயக்கம் இருப்பதால், துள்ளாத பிள்ளைக்கு அது இருக்க முடியாது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டிலேயே மிகை இயக்கம் இல்லாத கவனக்குறைவு தனி வகையாகக் குறிக்கப்பட்டிருந்தது. பெண்களிடம் பெரிதும் காணப்படுவது அவ்வகையே. அங்கே கால்கள் ஓடுவதில்லை, எண்ணம் ஓடுகிறது.

விளையாட்டுத் திடலில்

சிறுமியர் கண்ணில் படாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை இடைவேளையின்போது திடலில் கூர்ந்து நோக்கினர். ஆட்டிசம் உடைய சிறுவர்கள் தனியே நின்றனர். ஏனைய சிறுவர்கள் கூட்டமாகப் பந்தாடியதால் இவர்கள் தனித்திருப்பது பளிச்செனத் தெரிந்தது. ஆட்டிசம் உடைய சிறுமியரோ மற்றச் சிறுமியருக்கு அருகிலேயே இருந்தனர். ஒரு குழுவிற்குள் சென்றனர், சற்று நேரத்தில் வெளியே வந்தனர், மீண்டும் சென்றனர். சிறுமியரின் விளையாட்டே பேச்சும் நடையுமாக இருப்பதால், தொலைவிலிருந்து பார்த்த ஆசிரியருக்கு எல்லாரும் சேர்ந்திருப்பதாகவே தோன்றும். அருகில் சென்று பார்த்தால்தான் அச்சிறுமி எந்தப் பேச்சிலும் முழுமையாகக் கலக்கவில்லை என்பது விளங்கும்.

இவ்வாறு கலந்தது போல் தோற்றமளிப்பதை ஆய்வாளர் முகமூடி அணிதல் என்கின்றனர். பிறர் சிரிக்கும்போது சிரிப்பது, முகக்குறிப்புகளை மனப்பாடம் செய்வது, பேச வேண்டியவற்றை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஒருத்தியின் நடையுடை பாவனைகளை அப்படியே பின்பற்றுவது எல்லாம் இதில் அடங்கும். இளமையில் கண்டறியப்படாமல் பின்னரே அறியப்பட்ட பதினான்கு பெண்களை விரிவாகக் கேட்டு 2016ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. நாவல்களையும் வார இதழ்களையும் தொலைக்காட்சியையும் பார்த்தே மற்றவரோடு பழகக் கற்றுக்கொண்டதாக அவர்களுட் சிலர் கூறினர். மாலையில் வீடு திரும்பியபின் வரும் களைப்பைப் பற்றியும் அவர்கள் சொன்னார்கள். நாள் முழுவதும் அயல்மொழியில் பேசிவிட்டு வந்தவரின் களைப்போடு அதை ஒப்பிடலாம். முகமூடிக்கும் தற்கொலை எண்ணத்திற்கும் தொடர்பு இருப்பதாக 2018ஆம் ஆண்டு வெளிவந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. நன்றாக நடித்தவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கில்லை.

நம் நாட்டிற்கு வரும்போது முகமூடியை அணிய வேண்டிய தேவைகூட இல்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அணிந்தே வளர்க்கப்படுகிறாள் நம் பெண். கண்ணைப் பார்த்துப் பேசாமை ஆட்டிசத்தின் குறிகளுள் ஒன்று. ஆண்பிள்ளை நிமிர்ந்து பார்க்காவிட்டால் 'என்ன இவன், ஆளைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறான்' என்று கவலைப்படுவார்கள். பெண்பிள்ளை தலைகுனிந்தால் 'அடக்கமான பெண்' என்பார்கள். அவன் யாரோடும் சேராவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்கள். அவள் சேராவிட்டால் 'இருக்கிற இடம் தெரியாது' என்று பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று எழுதி வைத்திருக்கும் சமுதாயத்தில் சில குறிகள் குறைகளாகத் தெரியாமல் நற்குணங்களாகவே தெரிந்துவிடுகின்றன.

அன்றாட வாழ்வில்

உணர்புலன்களிலிருந்து தொடங்கலாம். ஆட்டிசம் உடையோர் பலருக்கு ஓசை, ஒளி, மணம், தொடுகை ஆகியவை மிகையாகவோ குறைவாகவோ படுகின்றன. 2013ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கக் கையேடு இதனை இலக்கணத்திலேயே சேர்த்துவிட்டது. அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின், 1947ஆம் ஆண்டு பிறந்தவர், ஆட்டிசம் உடைய பெண்மணி, கால்நடைகளைப் பற்றிய அறிவியலில் பெயர் பெற்ற பேராசிரியர். சிறுமியாக இருந்தபோது விழா நாள் உடைக்கு உள்ளே அணிந்த பாவாடை உப்புத்தாளைப் போல உரசியதாக அவர் தம் நூல்களில் எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது நம் வீடுகளில் பட்டுச்சேலையும் கனத்த நகையும் கண்டு அழும் பெண்பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியுமா? குக்கர் விசில், மிக்சியின் இரைச்சல், கல்யாண மண்டபத்தில் நாதசுரத்தோடு சேர்ந்து முழங்கும் ஒலிபெருக்கி, விடுதி உணவுக்கூடத்தில் நூறு தட்டுகளின் ஓசை, கண் சிமிட்டும் குழல் விளக்கு ஆகிய எல்லாம் மற்றவர்க்குப் பின்னணியில் கரைந்துவிடும். சிலருக்குக் கரைவதில்லை. எல்லாம் ஒரே உரத்த குரலில் முன்னால் நிற்கும்.

ஆனால் பெண்ணின் வாழ்வை மிகுதியும் வருத்துவது செயல்களை ஒழுங்குபடுத்தும் ஆற்றலில் உள்ள இடர்தான். ஒரு வேலையைத் தொடங்குதல், அடுத்தது எது என நினைவில் வைத்தல், நேரத்தை மதிப்பிடுதல், இடையில் வந்த தடையை மறந்து பழைய இடத்திற்குத் திரும்புதல் ஆகியவற்றை மேலாண்மைச் செயல்பாடு என்பர். ஏ.டி.எச்.டி. உடையோரிடம் இதிலேதான் தடுமாற்றம். பிடித்த ஒரு கணக்கை மூன்று மணிநேரம் எழாமல் போடுவாள். பத்து நிமிட வேலையான விண்ணப்பப் படிவத்தை மூன்று வாரம் தொடமாட்டாள். பார்ப்பவர்க்கு இது வேண்டுமென்றே செய்வதாகத் தோன்றும். 'உனக்கு வேண்டியது என்றால் மட்டும் கவனம் வருகிறதே' என்று கேட்பார்கள். கவனம் இல்லாமை அன்று இங்கே சிக்கல். அதை விரும்பிய திசையில் திருப்ப முடியாமை.

இப்போது இல்லறத்தை எண்ணிப் பாருங்கள். சமையலறை என்பது என்ன? ஓர் அடுப்பில் பால், மற்றோர் அடுப்பில் குழம்பு, வாசலில் காய்கறிக்காரர், கையில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தலைப்பின்னல், மனத்தில் மாமியாரின் மாத்திரை, இன்று கடைசி நாளான மின்கட்டணம். இவற்றுள் எதுவும் கடினமான வேலை அன்று. எல்லாவற்றையும் ஒரே தலையில் ஒரே வேளையில் பிடித்து வைத்திருப்பதுதான் வேலை. ஏ.டி.எச்.டி. உடைய ஒருவருக்கு மிகக் கடினமான வேலை எது என்று திட்டமிட்டு ஒன்றை உருவாக்கினால், அது ஏறத்தாழ நம் குடும்பத் தலைவியின் காலைப்பொழுதைப் போலத்தான் இருக்கும்.

இதே இயல்புடைய ஆணுக்கு என்ன நேர்கிறது? சாவியை மறந்தால் தாய் எடுத்துத் தருகிறாள். கூட்டத்தின் நாளை மறந்தால் மனைவி நினைவூட்டுகிறாள். சட்டைக்குப் பொத்தான் இல்லாததை மகள் பார்த்துத் தைத்துத் தருகிறாள். அவனுடைய மறதியைச் சுற்றிலும் பெண்களின் நினைவு வேலியாக நிற்கிறது. 'அவருக்குப் படிப்பைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது' என்று அவன் மறதியையே மேதைமைக்குச் சான்றாகச் சொல்பவர்களும் உண்டு. பெண்ணின் மறதியைச் சுற்றி அத்தகைய வேலி கிடையாது. பால் பொங்கினால் 'பொறுப்பில்லை'; பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை மறந்தால் 'நல்ல தாய் இல்லை'. ஆணிடம் பழக்கம் எனப்படுவது பெண்ணிடம் ஒழுக்கக் குறையாகிறது. பத்து ஆண்டுகள் இப்படிக் கேட்டவள் பதினோராம் ஆண்டு தானே அதை நம்பிவிடுகிறாள்.

அவ்வாறு நம்புவதன் விலை என்ன என்பதையும் ஆய்வாளர் அளந்திருக்கின்றனர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹின்ஷா என்ற உளவியலார், ஏ.டி.எச்.டி. உடைய 140 சிறுமியரையும் அஃது இல்லாத 88 சிறுமியரையும் 1990களின் இறுதியிலிருந்து தொடர்ந்து கவனித்து வந்தார். துள்ளல் வயதோடு குறைந்துவிடுகிறது. ஆனால் படிப்பிலும் பழகுவதிலும் உள்ள இடர் நீங்குவதில்லை. இளம்பருவம் கடந்தபோது, குறிப்பாகக் கவனக்குறைவோடு மிகை இயக்கமும் சேர்ந்திருந்தவர்களிடம், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் மற்றவர்களைவிட மிகுந்திருந்ததை 2012ஆம் ஆண்டு அவர் குழு வெளியிட்டது. சிறுவர்களைக் கொண்டே நடந்த முந்தைய ஆய்வுகளில் அனைவரும் எதிர்பார்த்தது வம்பும் வழக்கும். பெண்களின் துன்பமோ உள்நோக்கித் திரும்பியது. ஆகவேதான் மருத்துவரிடம் வரும்போதும் அவர்கள் மனச்சோர்வு என்றோ பதற்றம் என்றோ மட்டும் அறியப்பட்டு, அதற்குரிய மருந்தோடு திரும்புகின்றனர். அவை உண்மையில் இருப்பவையே, ஆனால் கிளைகள். வேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சாவியை மறப்பவர் எல்லாரும் ஏ.டி.எச்.டி. உடையவர் அல்லர், கூட்டம் பிடிக்காதவர் எல்லாருக்கும் ஆட்டிசம் இல்லை. தூக்கமின்மை, தைராய்டுச் சுரப்பின் குறை, இரத்தச்சோகை, வீட்டுத் துயரம் ஆகியவையும் கவனத்தைக் கெடுக்கும். நம் மாணவியரிடையே இரத்தச்சோகை அரிதன்று. எனவே இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தோழியருக்குப் பட்டம் சூட்டத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைப் பருவந்தொட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், வாழ்வைத் தடுக்கும் அளவிற்கு இருந்தால்தான் மருத்துவர் அதனைக் கணக்கில் எடுப்பார்.

கல்லூரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பள்ளியில் மணியடித்தால் பாடம், வீட்டில் அம்மா எழுப்பினால் விடியல் என்றிருந்த வரையில் பல பெண்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றனர். விடுதிக்கு வந்து தன் நாளைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டதும் எல்லாம் குலைகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவி முதற்பருவத்திலேயே மூன்று தாளில் தவறினால், 'கல்லூரிக்கு வந்ததும் கெட்டுவிட்டாள்' என்ற முடிவிற்குச் சற்றுப் பொறுத்து வரலாம் என்பது விரிவுரையாளர்களுக்கு என் பணிவான விண்ணப்பம். ஒப்படைப்பு நாளை வாயால் மட்டும் சொல்லாமல் பலகையில் எழுதிப் போடுதல், பெரிய ஒப்படைப்பை மூன்று சிறு பகுதிகளாகக் கேட்டல், சன்னலோரம் அல்லது சுவரோரம் இடம் கேட்பவருக்குக் காரணம் கேளாமல் தருதல் ஆகிய இவ்வளவே பலருக்குப் போதுமானவை.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் இடம்பெற்றன. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்பு உடையோர்க்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை அச்சட்டம் ஒதுக்கியது. நடுவண் அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், அத்தகையோர்க்கு மூன்று மணித் தேர்விற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தர இடமளித்தன. ஏ.டி.எச்.டி. அப்பட்டியலில் தனிப்பெயராகச் சேர்க்கப்படவில்லை. இது பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே வெளிநோயாளியாகச் செல்லலாம். ஏ.டி.எச்.டி. உறுதியானால் மருந்துகளும் உள்ளன. அவை பலருக்குப் பயன் தருகின்றன. ஆட்டிசத்திற்கு மருந்து இல்லை. தேவைப்படுவது விளக்கமும் சூழல் மாற்றமும். செல்லும்போது பழைய மதிப்பெண் அட்டைகளை எடுத்துச் செல்வது நல்லது. பன்னிரண்டு வயதிற்கு முன்பே ஏ.டி.எச்.டி.யின் குறிகள் சில இருந்தனவா என்று மருத்துவர் கேட்பார். 'அறிவுள்ள பெண், கவனம் போதாது' என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு அங்கே சான்றாகும். தாயையோ அத்தையையோ உடன் அழைத்துச் செல்வதும் உதவும். ஏழு வயதில் எப்படி இருந்தோம் என்பது நமக்கு நினைவிராது, அவர்களுக்கு இருக்கும்.